வன்தட்டில் முந்திய கோப்பு முறைமை எஸ்.எஸ்.டி.யிலும் முந்துமா?

வன்தட்டுகளில் செய்யப்பட்ட பழைய ஒப்பீடுகளில் முதலிடம் பெற்ற கோப்பு முறைமையையே (வட்டில் கோப்புகளை எங்கே, எப்படி வைப்பது என்று தீர்மானிக்கும் மென்பொருள் அமைப்பு), புதிதாக வாங்கும் எஸ்.எஸ்.டி.யிலும் (சுழலும் தட்டுக்குப் பதிலாக நினைவகச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் வட்டு) போடலாமா, அல்லது தரவரிசை மாறிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறிவிடும் என்பதுதான் என் பதில். அந்தத் தரவரிசை எதை அளந்து பெறப்பட்டதோ, அந்தப் பொருளே எஸ்.எஸ்.டி.யில் இல்லை. வெள்ளவத்தையில் ஒரு சிறிய கணக்காய்வு அலுவலகத்தின் கணினிகளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அங்கே இருப்பது லினக்ஸ் இயங்குதளம் என்பதால், அதை வைத்தே விளக்குகிறேன்.

நிமிடத்துக்கு 7,200 தடவை சுழலும் வன்தட்டு ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லிசெக்கன் எடுக்கிறது. வேண்டிய இடம் வாசிக்கும் தலைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னர் தலையைத் தாங்கிய கை, தட்டில் தரவு எழுதப்பட்ட உரிய வட்டத் தடத்துக்கு நகர 8 அல்லது 9 மில்லிசெக்கன் ஆகும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால், சிதறிக் கிடக்கும் தரவை அந்தத் தட்டு செக்கனுக்கு ஏறத்தாழ 80 தடவைதான் தொட முடியும். எங்கள் அலுவலகத்தில் வாடிக்கையாளர்களின் பற்றுச்சீட்டுகளை வருடிச் சேமித்த சிறு கோப்புகள் 40,000 அளவில் இருந்தன. கோப்புக்கு ஒரு நகர்வு என்று வைத்துக்கொண்டாலே அவற்றை வாசித்து முடிக்க 8 நிமிடத்துக்கு மேல் வேண்டும். இத்தனைக்கும், தொடர்ச்சியாக எழுதப்பட்ட ஒரே பெரிய கோப்பென்றால், அதே தட்டு செக்கனுக்கு 150 மெகாபைற்றுக்கும் அதிகமாக வாசித்துத் தரக்கூடியது.

கையை நகர விடாமல் வைத்திருப்பதே கோப்பு முறைமையின் திறமை என்ற நிலை இதனால்தான் உருவாயிற்று. 1984இல் விவரிக்கப்பட்ட பெர்க்லி யுனிக்ஸ் கோப்பு முறைமை, ஒரு கோப்பின் தரவையும் அதைப் பற்றிய குறிப்புகளையும் அடுத்தடுத்த தடங்களில் சேர்த்து வைக்கத் தட்டைக் குழுக்களாகப் பிரித்தது. லினக்ஸின் எக்ஸ்ட்2 கோப்பு முறைமை அந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டது. அதன் வழிவந்து 2008இன் இறுதியில் நிலையான வடிவம் பெற்ற எக்ஸ்ட்4, 128 மெகாபைற் வரையிலான தொடர்ச்சியான பகுதியை ஒரே பதிவில் குறிக்கவும், கோப்பு எவ்வளவு பெரிதாகும் என்று ஓரளவு தெரியும்வரை இடம் ஒதுக்குவதைத் தள்ளிப்போடவும் கற்றுக்கொண்டது. ஆகவே, வன்தட்டில் இரண்டு கோப்பு முறைமைகளை ஒப்பிட்டபோது நாம் பெரும்பாலும் அளந்தது, எது தரவை நெருக்கமாக அடுக்குகிறது என்பதைத்தான். எழுதும் ஒவ்வொன்றையும் புதிய இடத்தில் எழுதும் பட்டர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் தரவுத்தளக் கோப்பொன்றை வைத்தவர்களுக்கு, சில மாதங்களில் அந்தக் கோப்பு துண்டுதுண்டாகி வன்தட்டு திணறியதன் காரணமும் இதுவே.

எஸ்.எஸ்.டி.யில் கையும் இல்லை, சுழற்சியும் இல்லை. எந்த முகவரியைக் கேட்டாலும் ஏறத்தாழ 0.1 மில்லிசெக்கனில் பதில் வருகிறது. அடுக்கி வைக்கும் திறமைக்கு இங்கே கிடைக்கும் பரிசு மிகவும் சிறியது. அதற்குப் பதிலாக, ஒரே நேரத்தில் எத்தனை வேலைகளைக் கொடுக்க முடிகிறது என்பது முக்கியமாகிறது. வட்டைக் கணினியோடு சேர்க்கும் பழைய சாட்டா இணைப்பின் ஏ.எச்.சி.ஐ. என்ற கட்டளை முறையில், வேலைகள் காத்திருக்க ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகள். எஸ்.எஸ்.டி.க்கென்றே 2011இல் வெளிவந்த என்.வி.எம்.ஈ. இணைப்புத் தரமோ ஆயிரக்கணக்கான வரிசைகளை அனுமதிக்கிறது. தட்டைத் தனித்தனி ஒதுக்கீட்டுக் குழுக்களாகப் பிரித்து, பல செயல்கள் ஒன்றையொன்று மறிக்காமல் எழுத இடம் தரும் எக்ஸ்.எஃப்.எஸ். கோப்பு முறைமை இத்தகைய சூழலில் நன்றாக ஓடுகிறது. ஆனால் ஒரு மனிதர் அமர்ந்து விரிதாள் திறக்கும் கணினியில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. சிறு கோப்புகளை அழிப்பதில் எக்ஸ்.எஃப்.எஸ். மந்தம் என்ற பழைய பேச்சையும் இன்று நம்ப வேண்டியதில்லை. செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேட்டை அது எழுதும் முறை 2011 அளவில் மாற்றப்பட்டதோடு அந்தக் குறை பெரிதும் நீங்கிவிட்டது.

எஸ்.எஸ்.டி.க்கென்று வேறொரு சிக்கல் உண்டு. அது தரவை வைக்கும் பிளாஷ் நினைவகத்தில் சிறு பக்கங்களாக எழுதலாம், ஆனால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த பெரிய தொகுதியாகத்தான் அழிக்க முடியும். எந்தப் பக்கம் பயனற்றதாகிவிட்டது என்பதை இயங்குதளம் ட்ரிம் கட்டளை மூலம் சொல்லாவிட்டால், வட்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டகம் நாம் என்றோ அழித்த கோப்புகளையும் பத்திரமாக இடம் மாற்றிக் கொண்டிருக்கும். பிளாஷை மனதில் வைத்துச் சம்சுங் உருவாக்கிய எஃப்2எஃப்எஸ் கோப்பு முறைமை, 2013 முதல் லினக்ஸில் இருக்கிறது. எழுதுவதை வரிசையாகச் சேர்த்து எழுதி இந்தச் சுமையைக் குறைக்க முயல்கிறது. சாதாரண மேசைக் கணினிக்கு, எக்ஸ்ட்4ஐ வைத்துக்கொண்டு வாரம் ஒரு தடவை ட்ரிம் ஓட விடுவதே போதுமானது என்பது என் கருத்து.

நீங்களே சோதித்துப் பார்க்கப் போவதாக எழுதியிருப்பதால் அளவிடுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். என் முதல் ஒப்பீட்டில், பழைய வன்தட்டொன்று அது தரக்கூடிய வேகத்தைப் போல் பல மடங்கில் ஒரு கோப்பை வாசித்துக் காட்டியது. கோப்பு முறைமையின் மகிமை என்று அரை நாள் மகிழ்ந்திருந்தேன். சற்று முன்னர் எழுதிய கோப்பு இன்னும் ரேமிலேயே இருந்தது, தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது என்பது பின்னர்தான் விளங்கியது. சோதனைக் கோப்பு ரேமைவிடப் பெரியதாக இருக்க வேண்டும், அல்லது வட்டின் வேகத்தை அளக்கும் எஃப்.ஐ.ஓ. போன்ற கருவியில், ரேமில் தரவை வைத்திருக்கும் இடையகத்தைத் தவிர்க்கும் தெரிவை இட வேண்டும். அடுத்தது, வன்தட்டை இரண்டாகப் பிரித்து முதற் பகுதியில் எக்ஸ்ட்4ஐயும் பின்பகுதியில் எக்ஸ்.எஃப்.எஸ்.ஐயும் போட்டு ஒப்பிடாதீர்கள். வெளித்தடம் ஒரு சுற்றில் உள்தடத்தைவிட மிக அதிகமான தரவைக் கடக்கிறது. வேகம் ஏறத்தாழ இரு மடங்கு வரை வேறுபடும் என்பதால் நீங்கள் ஒப்பிடுவது தடங்களையே. எஸ்.எஸ்.டி.யில் இதற்கு ஈடான பொறி, வெறுமையான வட்டில் சோதிப்பதாகும். பம்பலப்பிட்டியில் ஒரு கடையில், புத்தம் புதிய வட்டில் சில கிகாபைற் கோப்பொன்றைப் பிரதி செய்து காட்டி மலிவான வட்டொன்றை என்னிடம் விற்றார்கள். அந்த அளவு முழுவதும் வட்டின் வேகமான தற்காலிகப் பகுதிக்குள் அடங்கிவிடும். அது நிரம்பிய பின்னர், ஒரு கலத்தில் நான்கு பிற்றுகளை அடைக்கும் மலிவான வட்டுகள் தொடர்ந்து எழுதுவதில் வன்தட்டைவிடவும் பின்தங்குவதுண்டு. முக்கால் பங்கு நிரப்பிய வட்டில், நீண்ட நேரம் எழுதிப் பாருங்கள்.

இன்னொரு அளவை நான் எப்போதும் சேர்த்துக்கொள்வேன்: தரவு வட்டில் நிலையாக எழுதப்பட்டுவிட்டது என்ற உறுதியைக் கேட்கும் எஃப்சிங்க் அழைப்பு. கணக்கியல் மென்பொருள் ஒவ்வொரு பதிவுக்கும் அதைக் கேட்கும். வன்தட்டில் கோப்பின் தரவுக்கும் பதிவேட்டுக்குமிடையே கை ஓடுவதால் செக்கனுக்குச் சில பத்துப் பதிவுகளோடு நின்றுவிடும், எஸ்.எஸ்.டி.யில் கோப்பு முறைமைகளுக்கிடையே உண்மையான வேறுபாட்டை நான் கண்டதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எழுதும் ஒழுங்கைக் காக்கும் தடுப்பை முடக்கினால் இந்த எண் அழகாக உயரும்; அப்படிப் பெற்ற வேகத்தை ஒப்பீட்டில் சேர்க்க வேண்டாம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது, யு.பி.எஸ். மின்கலங்கள் கைவிட்டு எங்கள் இயந்திரங்கள் பல தடவை அப்படியே அணைந்தன. தடுப்பு இயங்கிய எக்ஸ்ட்4 பிரிவுகள் பதிவேட்டை மீளோட்டிச் செக்கன்களில் எழுந்தன. வேகத்துக்காக நான் அதை முடக்கி வைத்திருந்த ஒரேயொரு பிரிவுதான் பழுதுபட்டது.

உங்கள் புதிய எஸ்.எஸ்.டி.க்கு எக்ஸ்ட்4ஐயே போடுங்கள். பழைய நிலைகளுக்குத் திரும்பும் வசதி வேண்டுமென்றால் பட்டர்எஃப்எஸ், அதில் தரவுத்தளக் கோப்புறைக்கு மட்டும் புதிய இடத்தில் எழுதும் வழக்கத்தை நிறுத்திவிடுங்கள். வன்தட்டைக் காப்புப்பிரதிக்கு வைத்துக்கொள்ளலாம், அதில் எந்த முறைமை இருந்தாலும் சரி. நான் அந்த 40,000 கோப்புகளையும் எஸ்.எஸ்.டி.யிலேயே டார் கருவியால் ஒரே கோப்பாகக் கட்டி, அதன் பின்னரே இரவில் வன்தட்டுக்கு அனுப்புகிறேன்.