என் அறைக்கு எத்தனை இன்ச் மானிட்டர்? – கேள்வி பதில்

ஸ்டுடியோ மானிட்டர், அதாவது பாட்டின் ஒலிகளைக் கலந்து மிக்ஸ் செய்யும்போது கேட்கிற ஸ்பீக்கர், அதன் அளவு பற்றி இன்று கேட்கலாம். இன்ச் என்பது ஆழ்ந்த ஒலி தரும் கோனின் (கூம்பின்) விட்டம். அறையின் நீளம், அகலம், உயரம், அப்புறம் காதுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே எவ்வளவு தூரம், இந்த நான்கையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள். "சின்ன ரூம் அண்ணா" என்று மட்டும் எழுதினால் நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்ற கேள்விகளுக்கு இன்று பதில் கிடையாது.

கேள்வி: அண்ணா, அறை 3.5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம். ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து மிக்ஸ் செய்வேன். 5 இன்ச், 7 இன்ச், 8 இன்ச், எது சரி?

பதில்: நான்கு அளவையும் கொடுத்துவிட்டீர்கள் தம்பி, அதனால் விரிவாகவே சொல்கிறேன். மற்றவர்களும் இதைப் படித்துவிட்டுக் கேட்டால் பாதிக் கேள்வி குறையும்.

ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் அந்தத் திசையில் அறை முதலில் முழங்கும் அதிர்வெண் கிடைக்கும். உங்கள் நீளத்துக்கு 49 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 57, உயரத்துக்கு 63 அல்லது 64. மூன்றும் ஒரே பேட்டையில் வந்து நிற்கின்றன, அதுவும் கிக் டிரம்மின் உடம்பு இருக்கிற இடத்தில். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். நல்ல 5 இன்ச் மானிட்டர் பொதுவாக 50 பக்கம் வரை தாக்குப்பிடிக்கும், 8 இன்ச் 40 பக்கம் வரை இறங்கும். ஆக நீங்கள் இன்ச்சுக்காக மண்டையை உடைத்துக்கொள்கிற அந்த 40 முதல் 65 வரையிலான பகுதியை ஸ்பீக்கரை விட உங்கள் நான்கு சுவர்கள்தான் முடிவு செய்கின்றன. இந்த அளவு அறையில் எதிரொலி அடங்க 0.4 நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 240 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாமே அறையின் ஆட்சிதான்.

உட்காரும் இடம் இன்னும் முக்கியம். நீளத்தின் நட்டநடுவில், அதாவது 1.75 மீட்டரில் உட்கார்ந்தால் அந்த 49 ஹெர்ட்ஸ் காதில் ஏறக்குறைய காணாமல் போகும். பேஸ் (ஆழ்ந்த ஒலி) போதவில்லை என்று ஏற்றுவீர்கள், வெளியே வேறு இடத்தில் போட்டுக் கேட்டால் வயிறு குலுங்கும். முன்சுவரிலிருந்து (ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவர்) நீளத்தில் 38 சதவீதம் என்று ஒரு கணக்கு உண்டு, உங்களுக்கு 1.33 மீட்டர். அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம், தொடங்க நல்ல இடம், அவ்வளவுதான். அங்கே உட்கார்ந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் தலைக்கும் ஒரு மீட்டர் சமபக்க முக்கோணம் போட்டால் ஸ்பீக்கர் முகம் அந்தச் சுவரிலிருந்து 46 சென்டிமீட்டரில் வரும். அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையை எதிர்த்து 186 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் தோண்டும், அதனால் ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவரில் தடிமனான உறிஞ்சி வேண்டும்.

முடிவு: 5 போதும், 7 வாங்கினாலும் தப்பில்லை. 8 வேண்டுமென்றால் மேஜையில் வைக்காமல் தனி ஸ்டாண்டில் வையுங்கள். எதை வாங்கினாலும் மூலையில் தள்ளாதீர்கள்.

கேள்வி: சார், 5 இன்ச்சா 8 இன்ச்சா?

பதில்: அளவு?

கேள்வி: என்னுடையது 10 அடிக்கு 10 அடி, உயரமும் 10 அடிதான். 8 இன்ச் போடலாமா?

பதில்: சதுரப்பெட்டி அறை, இருப்பதிலேயே மோசமான வடிவம். மூன்று திசையும் 56 ஹெர்ட்ஸிலேயே முழங்கும், அதன் இரட்டிப்பான 112லும் அப்படியே. வேறு அறை இருந்தால் மாறிவிடுங்கள். இல்லையென்றால் 5 இன்ச், மூலைகளில் தரையிலிருந்து கூரை வரை கனமான ராக்வூல் அல்லது கிளாஸ்வூல் அடைப்பு, கீழ்ப்பகுதியைச் சரிபார்க்க நல்ல ஹெட்ஃபோன்.

கேள்வி: முட்டை அட்டை ஒட்டினால் பேஸ் கட்டுப்படுமா?

பதில்: படாது. மெல்லிய ஃபோமும் அப்படியே. 100 ஹெர்ட்ஸின் கால் அலைநீளமே 86 சென்டிமீட்டர், அதைச் சில சென்டிமீட்டர் பஞ்சு என்ன செய்யும்? மேல் ஒலியை மட்டும் உறிஞ்சி அறையை மந்தமாக்கிவிட்டுப் பேஸை அப்படியே விட்டுவிடும். குறைந்தது 10, 15 சென்டிமீட்டர் தடிமன், பின்னால் கொஞ்சம் காற்று இடைவெளி.

கேள்வி: 40 ஹெர்ட்ஸ் அலை எட்டரை மீட்டர் நீளம். மூன்று மீட்டர் அறையில் அது முழுதாக உருவாகவே இடமில்லை. பிறகு எதற்கு 8 இன்ச்? நீங்கள் சொல்வது இயற்பியலுக்கே ஒத்து வரவில்லையே.

பதில்: இது எங்கே போனாலும் என் பின்னாலேயே வருகிற வாதம். நண்பரே, ஹெட்ஃபோனில் 30 ஹெர்ட்ஸ் கேட்டிருக்கிறீர்களா? அதன் அலை 11 மீட்டருக்கு மேல். உங்கள் காதுக்கும் அதில் ஒலி எழுப்பும் டிரைவருக்கும் நடுவில் இரண்டு விரல் அகலம்கூட இல்லை. காது அலையை முழம் போட்டு அளப்பதில்லை, அந்த இடத்தில் காற்றழுத்தம் ஏறி இறங்குவதைத்தான் கேட்கிறது. அறையின் முதல் முழக்கத்துக்குக் கீழே போகும்போது ஒலி நின்றுவிடுவதும் இல்லை, கதவு ஜன்னல் நன்றாக மூடிய அறையில் காற்று மொத்தமாக அழுந்தித் தளர்வதால் கீழ்ப்பகுதிக்குக் கொஞ்சம் ஏற்றம்கூடக் கிடைக்கும். காருக்குள் பேஸ் அதிருகிறதே, அங்கே எட்டரை மீட்டர் எங்கே இருக்கிறது?

கேள்வி: பின்பக்கம் ஓட்டை உள்ள ஸ்பீக்கரைச் சுவர் ஓரம் வைக்கக் கூடாது, முன்பக்க ஓட்டை என்றால் ஒட்டி வைக்கலாம் என்கிறார்களே?

பதில்: அந்த ஓட்டையில் (போர்ட்) காற்று தடையில்லாமல் போய்வர அதன் விட்டம் அளவுக்காவது இடைவெளி வேண்டும், பின்பக்க போர்ட்டுக்கு அது போதும். ஆழ்ந்த ஒலி எந்தப் பக்கம் ஓட்டை இருந்தாலும் எல்லாத் திசையிலும் பரவும். சுவர் ஓரம் வைத்தால் முன்பக்க போர்ட் ஸ்பீக்கரும் பேஸை ஏற்றியே தரும். ஸ்பீக்கரின் பின்னால் உள்ள பேஸ் குறைப்பு சுவிட்சைப் பயன்படுத்துங்கள். மூலை மட்டும் வேண்டாம், இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

கேள்வி: (மறுபடி எட்டரை மீட்டர் நண்பர்) ஹெட்ஃபோனும் காரும் வேறு கதை. நான் நேரில் பார்த்தது: என் அறையில் 8 இன்ச் போட்டால் பேஸ் சகதி, 5 இன்ச் போட்டால் தெளிவு. பெரிய கோன் அறையை அதிகம் தூண்டுகிறது, ஒத்துக்கொள்ளுங்கள்.

பதில்: அலைக்கு இடமில்லை என்றீர்கள், இப்போது அலை அதிகம் என்கிறீர்கள். வாதம் மாறிவிட்டது, பரவாயில்லை, இது முந்தையதை விட நல்ல வாதம்.

60 ஹெர்ட்ஸில் 80 டெசிபல் வந்தால் அது 5 இன்ச்சிலிருந்து வந்ததா 8 இன்ச்சிலிருந்து வந்ததா என்று அறைக்குத் தெரியாது. இரண்டும் ஒரே மாதிரிதான் முழங்கும். உங்கள் 5 இன்ச் அந்த நோயைத் தீர்க்கவில்லை, அந்தப் பகுதியை வாசிக்காமலே விட்டுவிட்டது. தெளிவு என்று நீங்கள் சொல்வது பாதி அந்த மௌனம்தான். பாட்டில் 45 ஹெர்ட்ஸில் ஏதாவது உறுமிக்கொண்டிருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது, கேட்பவர்களுக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று, சுவரில் ஒரு ஆணிகூட அடிக்க முடியாத அறையில் இருப்பவருக்கு நானே 5 இன்ச்சும் ஹெட்ஃபோனும்தான் சொல்வேன். தெரியாமல் இருப்பதை விடத் தப்பாகத் தெரிவது ஆபத்து. பெரிய ஸ்பீக்கருக்கு எதிராக உண்மையான காரணம் வேறொன்று இருக்கிறது, அதை நீங்கள் சொல்லவே இல்லை: பெரிய மூன்றுவழி (கீழ், நடு, மேல் ஒலிக்குத் தனித்தனி டிரைவர் உள்ள) ஸ்பீக்கரில் டிரைவர்கள் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும். மிகப் பக்கத்தில் உட்கார்ந்தால் அவற்றின் ஒலி ஒன்றுசேர்ந்து காதுக்கு வராது, தலையை மேலும் கீழும் அசைத்தாலே ஒலியின் நிறம் மாறும்.

கேள்வி: அப்படியானால் யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கர் எப்படி? அதில் பேஸே கிடையாது, ஆனால் உலகமே அதில்தானே மிக்ஸ் செய்தது?

பதில்: ஆஹா, இன்னொருவரும் உள்ளே குதித்துவிட்டார். அது 1978ல் வீட்டு ஸ்பீக்கராக வந்தது. சுமார் 18 சென்டிமீட்டர் வெள்ளைக் கோன், போர்ட் இல்லாத மூடிய பெட்டி. மூடிய பெட்டி என்பதால் ஆழ்ந்த ஒலி சட்டென்று அடங்கிவிடும், வால் நீளாது. கிக்கும் பேஸும் ஒன்றோடொன்று எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று அதில் நன்றாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2001ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். ஆனால் அதை வைத்திருந்த பெரிய ஸ்டுடியோக்களில் சுவருக்குள் பதித்த ராட்சத மானிட்டர்களும் இருந்தன, அடிமட்டத்தைப் பார்க்க அதற்குப் போவார்கள். அதை மறந்துவிட்டுப் பாதிக் கதையைச் சொல்லக் கூடாது.

கேள்வி: 7 மீட்டர் நீளம், 5 அகலம், 3 உயரம். இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்வோம், நான்கைந்து பேர் சேர்ந்து கேட்போம். கையில் 5 இன்ச் இருக்கிறது.

பதில்: இங்கேதான் இன்ச்சுக்கு உண்மையில் வேலை. திறந்தவெளிக் கணக்கில் ஒரு மீட்டரிலிருந்து இரண்டரைக்குப் போனால் 8 டெசிபல் குறையும், அறைக்குள் கொஞ்சம் குறைவாக. அதை ஈடுகட்ட ஏற்றினால் 5 இன்ச் திணறும்: அதே சத்தத்துக்கு அதிர்வெண் பாதியானால் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போக வேண்டும். இன்ச்சை வைத்துப் பார்த்தால் 8 இன்ச்சின் பரப்பு இரண்டரை மடங்கு, அதனால் அவ்வளவு பாடுபடாது. 8 இன்ச் அல்லது மூன்றுவழி ஸ்பீக்கருக்கு மாறுங்கள்.

கேள்வி: சின்ன ஸ்பீக்கரோடு சப்வூஃபர் (பேஸுக்கு மட்டுமான தனி ஸ்பீக்கர்) வைக்கலாமா?

பதில்: நல்ல யோசனைதான், ஒரு வசதியும் உண்டு, சப்பைப் பேஸ் ஒழுங்காக இருக்கும் இடத்தில் தனியாக வைக்கலாம். வழக்கமாக 80 ஹெர்ட்ஸ் பக்கம் பிரிப்பார்கள், கீழே சப், மேலே ஸ்பீக்கர். அளந்து ஃபேஸையும் (இரண்டின் அலையும் சேர்ந்து ஏறி இறங்குவது) சத்த அளவையும் பொருத்தாவிட்டால் சப் இல்லாமலே இருக்கலாம்.

கேள்வி: பள்ளம் விழுந்த இடத்தை ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் கருவி) ஏற்றினால் தீர்ந்ததா?

பதில்: இல்லை. ஏற்றினால் நேர் அலையும் ஏறும், அதைக் கொல்லும் எதிரலையும் ஏறும். 6 டெசிபலுக்கு ஆம்ப்ளிஃபையர் நான்கு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும். மேட்டைக் குறைக்க ஈக்யூ ஓரளவு உதவும். பள்ளத்துக்கு ஸ்பீக்கரையோ நாற்காலியையோ நகர்த்துங்கள்.

கேள்வி: 8 இன்ச் வாங்கிச் சத்தம் குறைத்துக் கேட்டால்?

பதில்: கேளுங்கள். ஆனால் சத்தம் குறைந்தால் காது பேஸை இன்னும் குறைவாகக் கேட்கும், ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933லேயே வரைந்து காட்டிவிட்டார்கள். சின்ன அறையில் 73 முதல் 76 டெசிபல் என்று ஒரு அளவைப் பிடித்து எப்போதும் அதிலேயே வேலை செய்யுங்கள்.

கேள்வி: (அதே நண்பர்) எத்தனை சொன்னாலும் என் காது பொய் சொல்லாது.

பதில்: காது பொய் சொல்லவில்லை, காரணத்தைத்தான் மாற்றிச் சொல்கிறீர்கள். அறையை அளக்கும் ரூம் ஈக்யூ விஸார்ட் மென்பொருள் இலவசம், ஒரு அளவு மைக் போதும். இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே இடத்தில், ஒரே சத்தத்தில் வைத்து அளந்து, 55 முதல் 70 ஹெர்ட்ஸ் வரை ஒலி எவ்வளவு நேரம் இழுக்கிறது என்ற வரைபடத்தைப் போடுங்கள். அது இல்லாமல் இந்த விஷயத்தில் இனி பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: 8 இன்ச் பெரிய அறைக்கு மட்டும்தானே?

பதில்: மேலே படிக்கவும்.

கேள்வி: மேஜையில் உயரம் இடிக்கிறது, ஸ்பீக்கரைப் படுக்க வைக்கலாமா?

பதில்: சாதாரண இருவழி (இரண்டு டிரைவர்) ஸ்பீக்கர் என்றால் வேண்டாம். நிமிர்ந்து நின்றால் மேல் ஒலிக்கான ட்வீட்டரும் கீழ் ஒலிக்கான வூஃபரும் ஒன்றின் மேல் ஒன்று, பக்கவாட்டில் தலையை அசைத்தாலும் இரண்டுக்கும் தூரம் சமமாகவே மாறும். படுக்க வைத்தால் கொஞ்சம் நகர்ந்தாலே இரண்டும் கைமாறும் கிராஸ்ஓவர் பகுதியில் ஒலியில் பள்ளம் விழும், குரல் மாறி மாறிக் கேட்கும். ஒரே அச்சில் டிரைவர்கள் அமைந்த கோஆக்சியல் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. மற்றவர்கள் கம்ப்யூட்டர் திரையைத் தாழ்த்துங்கள், ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும்.