ராணியின் தலை இல்லாத 1854 செப்புக் காசு

டொராண்டோ வாசகர் ஒருவர், பழம்பொருள் சந்தையில் வாங்கிய பழுப்பேறிய செப்புக் காசு ஒன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஒருபுறம் குதிரைமீதமர்ந்து டிராகனைக் குத்தும் வீரனும் 1854 என்ற ஆண்டும், மறுபுறம் ‘பேங்க் டோக்கன், ஒன் பென்னி’ என்ற எழுத்துகளும் உள்ளனவாம். விக்டோரியா ராணியின் தலை இல்லாததால் இது போலியா, புளி போட்டுத் துலக்கலாமா என்பவை அவருடைய ஐயங்கள்.

தலை இல்லாததைக் கொண்டு போலி என முடிவு செய்ய வேண்டாம். டொராண்டோவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அப்பர் கனடா வங்கி, அரசின் அனுமதியோடு 1850, 1852, 1854, 1857 ஆகிய ஆண்டுகளைப் பொறித்து வெளியிட்ட டோக்கன்களுள், அதாவது அரசு நாணயத்துக்குப் பதிலாகப் புழங்கிய காசுகளுள், இது ஒன்று. பிரிட்டனிலிருந்து போதிய சில்லறை வராததால் வணிகர்கள் அடித்துவிட்ட எடை குறைந்த செப்புத் துண்டுகள் கடைத்தெருவில் மலிந்திருந்த காலத்தில், வங்கியின் பெயரைத் தாங்கி நிறைவான எடையோடு வந்த இக்காசுகள் தாராளமாகப் புழங்கின. ஆகவே இன்றும் அரிதல்ல. தேய்ந்த காசுக்குப் பெருந்தொகை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனால் 1854-ஆம் ஆண்டுக் காசில் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். லென்ஸின் அடியில் வைத்து, ஆண்டின் கடைசி இலக்கமான 4-இன் கிடைக்கோட்டைக் கவனியுங்கள். அதன் வலது முனையில் சிறு குறுக்குக்கோடு இருந்தால் அது அரிய வகை; கோடு வெறுமனே முடிந்தால் சாதாரண வகை. துலக்கிய காசில் இத்தகைய நுண்கோடுகளும் மழுங்கக்கூடும்.

புளியும் உப்பும் குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு ஆகாது. நூற்றாண்டுக்கு மேல் படிந்த பழுப்பு நிறத்தையே சேகரிப்பாளர் விலைகொடுத்து வாங்குகின்றனர். பளபளக்கும் செம்பைக் கண்டால் விலையைப் பாதியாக்கத் தயங்கமாட்டார்கள். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பிவிசி எனும் பிளாஸ்டிக் உறை நாளடைவில் பச்சைக் களிம்பை உண்டாக்கும் என்பதால் அதில் வைக்க வேண்டாம்.

அடுத்து வாங்க விரும்பினால், 1837-இல் லோயர் கனடாவின் (இன்றைய கியூபெக் பகுதி) நான்கு வங்கிகள் வெளியிட்ட, குளிராடை அணிந்த குடியானவன் உருவமுள்ள டோக்கன்களைத் தேடலாம். காசிலுள்ள நாடா வடிவத்தில் பொறித்த வங்கியின் பெயரைக் கொண்டு நான்கையும் பிரித்தறியலாம். மாண்ட்ரியல் வங்கிக் கட்டடத்தைப் பக்கவாட்டில் காட்டும் 1838, 1839 டோக்கன்களோ மிக அரிதானவை, விலையும் அதிகம். நம்பகமான தரச்சான்று இல்லாமல் எவரேனும் அவற்றை மலிவாக நீட்டினால் வாங்காதீர்கள்.