மக்கு காயும் வரை: தஞ்சாவூர் ஓவியரிடம் வாசகர் கேள்விகள்

கே: ஓவியர்கள் ‘மூடு’ வந்தால்தான் வேலை செய்வார்கள் என்கிறார்களே, உங்கள் ஒரு நாள் எப்படிப் போகும்?
– இல்லத்தரசி, விழுப்புரம்

ஆர்டரை நம்பிக் குடும்பம் நடத்துகிறவளுக்கு மூடு என்று தனியாக ஒன்று கிடையாது அம்மா. தை பிறந்தால் கல்யாணமும் கிரகப்பிரவேசமும் வரிசைகட்டி வரும். பரிசாகக் கொடுக்கும் படங்களைத் தையில் கேட்பார்கள். அப்படியென்றால் கார்த்திகைக்குள் பலகை தயாராகி, மக்கு, அதாவது படத்தில் மேடு எழுப்பும் விழுது, போடும் வேலை முடிந்திருக்க வேண்டும். கார்த்திகையில்தான் எங்கள் பக்கம் விடாமல் மழை. ஆக, என் நாளைத் தீர்மானிப்பது மூடு இல்லை, வானம்தான்.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு, சமையலை ஒதுக்கிவிட்டு ஒன்பது மணிக்கு உட்காருவேன். வடக்குப் பார்த்த ஜன்னல். நேர் வெயில் விழாது, நிழலும் அலையாது. முகம், விரல், நகை ஓரம் போன்ற நுணுக்கமெல்லாம் அந்த வெளிச்சத்தில்தான். சாப்பாட்டுக்குப் பிறகு கண் கொஞ்சம் தளரும். அப்போது பலகைக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, துணி ஒட்டுவது என்று கைவேலையாகப் பார்த்துக்கொள்வேன். பக்கத்தில் திருச்சி வானொலி ஓடிக்கொண்டிருக்கும். விளக்கு வைத்த பிறகு வண்ணம் கலப்பதே இல்லை. குழல்விளக்கில் சரியாகத் தெரிந்த பச்சை, காலையில் பார்த்தால் வேறு பச்சையாக இருக்கும். இரவில் படத்தில் ஒட்டும் ஜெய்ப்பூர் கற்களை அளவுவாரியாகக் கிண்ணங்களில் பிரித்து வைப்பேன். சிவப்பு, பச்சை, வெள்ளை என்று கற்கள் கிண்ணத்தில் விழும் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதற்காகவே அந்த வேலையை யாரிடமும் கொடுப்பதில்லை.

கே: ஒரு படத்தில் உங்களுக்கு அதிக சந்தோஷம் தரும் கட்டம் எது? கண் திறப்பதா?
– கல்லூரி மாணவி, திருச்சி

எல்லோரும் கண் என்றுதான் நினைப்பார்கள். கண்ணைக் கடைசியில்தான் எழுதுவேன், அப்போது கைக்குள் ஒரு பயம் இருக்கும். பயம் இருக்கும் இடத்தில் சந்தோஷம் முழுசாக வராது. எனக்குப் பிடித்தது மக்கு எழுதுவது.

சாக்பவுடரையும் கோந்தையும் குழைத்த விழுதைத்தான் மக்கு என்கிறோம். தூரிகை நுனியில் எடுத்து, கற்களைச் சுற்றியும், மாலை, கிரீடம், தூண், வளைவு எல்லாவற்றின் மேலும் மெல்லிய மேடாக ஏற்ற வேண்டும். இட்லி மாவைவிடக் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் சொன்ன இடத்தில் நிற்கும். நீர்த்துப்போனால் படர்ந்து கோடு கரைந்துவிடும், கெட்டியானால் தூரிகையைவிட்டு இறங்காது. ஒரே மூச்சில் உயரமாக ஏற்றவும் கூடாது. மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நின்றால், பிறகு உள்ளீரம் சுருங்கும்போது விரிசல் விடும். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைத்தாலும் அதே கதிதான். நிழலில், காற்றோட்டத்தில், ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்த பூச்சு.

ஒரு மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பொட்டு. முதல் பொட்டு காய்வதற்குள் இருபதாவது பொட்டுக்குப் போயிருப்பேன். திரும்பி வந்து முதல் பொட்டின் மேல் இன்னொன்று. மாலை முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பேன். எங்கே தட்டையாக இருக்கிறது, எங்கே மேடு கூடிவிட்டது என்று கண்ணைவிட விரலுக்கு நன்றாகத் தெரியும்.

இத்தனைக்கும் மேல் தங்க ரேக், அதாவது மெல்லிய தங்க இதழ், ஒட்டிவிட்டால் மக்கு யார் கண்ணிலும் படாது. ஆனால் விளக்கொளியில் தங்கம் அங்கங்கே மின்னி அங்கங்கே மங்குகிறதே, அது மக்கின் ஏற்ற இறக்கம் செய்கிற வேலை. சமதளத்தில் ரேக் ஒட்டினால் தகடு ஒட்டியதுபோல ஒரே பளபளப்பாக இருக்கும். அதில் உயிர் இருக்காது.

ரேக் ஒட்டுவதும் இன்பம்தான், சித்திரை மாதத்தில் மட்டும் தண்டனை. ஒரு மூச்சுக்கே பறக்கிற சாமான் அது. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலையும் சாத்திவிட்டு உட்கார வேண்டும். தஞ்சாவூர் சித்திரை எப்படி இருக்கும் என்று திருச்சிக்காரிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கத்தரித்த துண்டை வைத்து, மெல்லிய தூரிகையால் மக்கின் பள்ளத்துக்குள் அழுத்தும்போது, கீழே உள்ள பூவின் வடிவம் தங்கத்தில் எழும்பி வரும். வேர்வை அப்போது மறந்துபோகும். ஓரத்தில் உதிரும் தூளைக்கூடத் தாளில் தட்டிச் சேர்த்துவிடுவேன்.

கே: கண்காட்சியில் தஞ்சாவூர் ஓவியம் என்று வாங்கினேன். மூன்றே வருடத்தில் தங்கம் கறுத்துவிட்டது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்

கறுத்தது தங்கமாக இருக்க வாய்ப்பில்லை ஐயா. நல்ல தங்கம் காற்றுக்கும் ஈரத்துக்கும் மசியாது. செம்பும் துத்தநாகமும் கலந்த போலி ரேக்தான் மங்கிக் கறுக்கும். கேட்கவே வருத்தமாக இருக்கிறது.

நாங்கள் வழக்கமாக ஒட்டுவது 22 காரட் ரேக். தங்கம் விலை ஏறினால் அதன் விலையும் ஏறும். ஆகவே, பக்கத்துக் கடையைவிடப் பாதி விலை என்று யாராவது சொன்னால், எந்தப் பாதியைக் குறைத்தார்கள் என்று கேளுங்கள். எந்த ரேக், எத்தனை காரட் என்பதை ரசீதில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். நேர்மையானவர் தயங்க மாட்டார். படத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள், மக்கின் மேடு தெரிய வேண்டும். முகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் அது அச்சடித்த முகம், மேலே ரேக் மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். கை எழுதிய முகத்தில் தூரிகை ஓடிய தடம் இருக்கும்.

தஞ்சாவூர் ஓவியத்துக்கு 2007-08இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்களுக்கு அது பெரிய கௌரவம். ஆனால் அந்தக் குறியீடு வந்து உங்கள் கையில் உள்ள படத்தின் ரேக்கைச் சோதித்துத் தராது. செய்தவர் யார் என்று தேடிப்போய், பட்டறையில் பாதி முடிந்த படத்தைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுப்பது நல்லது. அப்படி வருகிறவர்களுக்குப் பலகை முதல் காட்டுவேன். பார்த்த பிறகு பேரம் பேசுகிறவர்கள் குறைவு.

கே: வெண்ணெய்க் கிருஷ்ணனையே திரும்பத் திரும்ப வரைவது சலிக்கவில்லையா?
– வாசகர், கோவை

கிருஷ்ணன் அதே கிருஷ்ணன்தான். அதே குண்டுக் கன்னம், கையில் அதே உருண்டை. காலண்டரில் நீலமாக இருப்பவன் எங்கள் படங்களில் பெரும்பாலும் வெளுத்த மேனியாக இருப்பான். நடுவில் பெரிதாக சாமி, மேலே வளைவு, பக்கத்தில் திரை என்று அமைப்பும் மாறாது. ஆனால் அந்தத் திரை என்ன நிறம், திண்டில் என்ன கொடி ஓடுகிறது என்பதெல்லாம் என் கையில் இருக்கிறது. அங்கேதான் எனக்கு விளையாட்டு.

ஒருமுறை ஓர் அம்மா தன் கூறைப்புடவையையே கொண்டுவந்து மடியில் விரித்தார். திரை இந்த அரக்கு நிறத்தில் வேண்டும் என்றார். அரக்கு கலப்பது சுலபமில்லை. சிவப்பு அடர்த்தியாகட்டும் என்று கறுப்பைப் போட்டால் நிறம் செத்துவிடும். பச்சையை நுனியில் தொட்டுத் தொட்டுக் கலக்க வேண்டும். புடவையின் வெளி மடிப்பில் ஒரு நிறம், உள் மடிப்பில் இன்னொரு நிறம். இரண்டையும் தனித்தனியாகக் கலந்து திரையின் மடிப்புகளில் போட்டேன். படத்தைப் பார்த்ததும் அந்த அம்மா கிருஷ்ணனைப் பார்க்கவே இல்லை. திரைக்குப் பக்கத்தில் புடவையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பழைய படங்களைப் பார்க்கப் பார்க்கச் சலிப்பு வராது. சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். மராட்டியர் காலத்தில், முக்கியமாக 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி காலத்தில், இந்தக் கலை எப்படிச் செழித்தது என்று அங்கே புரியும்.

கே: வேலை இல்லாத நாளில் என்ன செய்வீர்கள்?
– வாசகி, மதுரை

சாயங்காலம் பெரிய கோயிலுக்குப் போய்ப் புல்வெளியில் உட்கார்ந்துவிடுவேன். வெயில் இறங்க இறங்க விமானத்தின் கல் நிறம் மாறும். எனக்கு அது பாடம்.

கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார். பொதுமக்களை உள்ளே விடுவதில்லை. கோயில் வளாகத்துக் காட்சிக்கூடத்தில் அவற்றின் படங்கள் இருக்கின்றன. சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் போகும் காட்சியைப் பாருங்கள். தங்கமும் இல்லை, கல்லும் இல்லை. வெறும் கோடு. அந்தக் குதிரையின் பாய்ச்சலை மனசில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பென்சிலைப் பிடித்துப் பார்ப்பேன். யாரும் கேட்காத, யாருக்கும் விற்காத கோடுகள். அந்த நோட்டுகள் மட்டும் அலமாரியில் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன.

கே: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. கோடை விடுமுறையில் பத்து நாள் தஞ்சாவூர் ஓவியப் பயிற்சி நடக்கிறது. சேர்க்கலாமா?
– தந்தை, ஆரணி

சேருங்கள். கல் ஒட்டுவதும் ரேக் ஒட்டுவதும் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் அங்கே கோடு அச்சடித்த பலகையைக் கையில் கொடுத்துவிட்டால், முக்கியமானதை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். வீட்டில் தினமும் ஒரு பொருளை வரையச் சொல்லுங்கள். சொம்பு, குங்குமச் சிமிழ், தூங்குகிற தாத்தாவின் கை, எதுவானாலும் சரி. அழிப்பானை ஒளித்துவையுங்கள். பிளஸ் டூவிலும் ஆசை நின்றால் கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850இல் தொடங்கியது. ‘படம் போட்டால் சோறு கிடைக்குமா’ என்ற கேள்வியை மட்டும் இப்போதே அவள் காதில் போடாதீர்கள்.

கே: பாட்டி காலத்து தஞ்சாவூர் படம் பூஜையறையில் இருண்டு கிடக்கிறது. நானே துடைக்கலாமா?
– வாசகி, நாகப்பட்டினம்

ஈரத்துணியைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். மக்கில் உள்ள கோந்து தண்ணீர் பட்டால் இளகும், வண்ணமும் கூடவே வரும். எலுமிச்சை, விபூதி, பல்பொடி என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மேலே கண்ணாடி இருந்தால் அதன் வெளிப்பக்கத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பாக வந்தால், உங்கள் படம் உள்ளே நன்றாக இருக்கிறது, விளக்குப் புகைதான் படிந்திருக்கிறது. கண்ணாடி இல்லாவிட்டாலோ, மக்கு உதிர ஆரம்பித்திருந்தாலோ, படத்தைப் படுக்கவைத்த நிலையிலேயே பழைய படங்களைச் சீர்செய்யும் அனுபவசாலியிடம் எடுத்துப் போங்கள். உதிர்ந்த கல்லையும் துண்டையும் ஒரு டப்பாவில் போட்டுக் கூடவே கொடுங்கள், திரும்ப ஒட்ட முடியும்.

மறுபடி மாட்டும்போது கண்ணாடி தங்க வேலையைத் தொடாதபடி ஆழமான சட்டம் போடச் சொல்லுங்கள். உங்கள் ஊர் கடற்கரை. சுவரில் ஓதம் ஏறும். படத்துக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு மரத்துண்டு வைத்தால் காற்று ஓடும். கற்பூரத்தட்டைச் சற்றுத் தள்ளி நின்று காட்டுங்கள்.