கொழுப்புக் கல்லீரலும் புரோபயாடிக்கும்: வாசகர் கேள்விகள்

ஸ்கேனில் கிரேடு 1 கொழுப்பு. புரோபயாடிக் மட்டும் எடுத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. புரோபயாடிக் என்பது குடலுக்கு நல்லது செய்யும் என்று எடுக்கிற உயிருள்ள நுண்ணுயிர்கள், அவ்வளவுதான். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 7 முதல் 10 வரை குறைந்தால் அழற்சியும் அடங்கும். எந்தக் கேப்ஸ்யூலும் இந்த அளவுக்குச் செய்து காட்டியதில்லை. எடுக்க விரும்பினால் இதோடு சேர்த்து எடுங்கள், இதற்குப் பதிலாக வேண்டாம்.

குடலுக்கும் கல்லீரலுக்கும் அப்படி என்ன சம்பந்தம்?

நிறைய. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு, குடலிலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. குடல் சுவரில் கசிவு இருந்தால் பாக்டீரியாவின் எண்டோடாக்ஸின் என்ற நச்சும் அதே வழியில் வந்து, கல்லீரலின் நோய் எதிர்ப்புச் செல்களான குப்ஃபர் செல்களைக் கிளப்பிவிடும். சில கிருமிகள் ஆல்கஹாலே தயாரிக்கும். சீனாவில் நடந்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், மதுவால் வராத கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களில் சுமார் 60 சதவீதம் பேரின் குடலில் அப்படிப்பட்ட கிளெப்சியெல்லா நிமோனியே இருந்தது. ஆகவே இந்த நோயில் குடலுக்குப் பங்கு உண்டு. அதற்காக ஒரு டப்பா மாத்திரையில் அது சரியாகிவிடும் என்று முடிவுகட்டக் கூடாது.

50 பில்லியன் நுண்ணுயிர் என்று போட்டிருக்கும் புரோபயாடிக்கை வாங்கியிருக்கிறேன். போதுமா?

எந்த ஸ்ட்ரெயின், அதாவது நுண்ணுயிரின் எந்த உள்வகை? அதை எழுதாமல் எண்ணிக்கையை மட்டும் அனுப்பினால் நான் என்ன சொல்வது? ஒரு ஸ்ட்ரெயின் செய்வதை இன்னொன்று செய்யாது. அந்த 50 பில்லியன் தயாரித்த நாளின் கணக்கா, காலாவதி நாள் வரைக்குமா என்பதையும் லேபிளில் பாருங்கள்.

மூன்று மாதம் புரோபயாடிக் எடுத்தேன். ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் என்சைம் 80-லிருந்து 50-க்கு வந்துவிட்டது. இனி டாக்டரிடம் போக வேண்டாம்தானே?

போக வேண்டும், கட்டாயம். எஸ்ஜிபிடி இறங்கியதும் நோயே போய்விட்டதாக நினைத்துப் பரிசோதனையை விட்டுவிடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு பொறுக்கவில்லை. புரோபயாடிக் இந்த என்சைம்களைக் கொஞ்சம் குறைக்கிறது என்று பல சிறிய ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் நோயாளியின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது ஃபைப்ரோசிஸ், அதாவது கல்லீரலில் விழும் தழும்பு. எஸ்ஜிபிடி நார்மலாக இருக்கும்போதே தழும்பு முற்றியிருக்கலாம். சாதாரண ஸ்கேன் சொல்லும் கிரேடும் கொழுப்பைப் பற்றியதுதான், தழும்பைப் பற்றியது அல்ல.

பிரிட்டனில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சுமார் 100 பேரில் பாதிப் பேருக்கு ஏறத்தாழ ஓராண்டு புரோபயாடிக்கும், குடல் பாக்டீரியாவுக்குத் தீனியான ப்ரீபயாடிக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். குடல் பாக்டீரியா மாறியது. கல்லீரல் கொழுப்போ, தழும்பின் அளவுகோல்களோ போலி மருந்து எடுத்தவர்களைவிடக் குறையவில்லை.

உங்கள் வயது, எஸ்ஜிஓடி (இன்னொரு என்சைம்), எஸ்ஜிபிடி, பிளேட்லெட் நான்கையும் வைத்து, தழும்பைக் கணிக்கும் ஃபிப்-4 என்ற எண்ணைக் கணக்கிடச் சொல்லுங்கள். 1.3-க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த வரம்பு 2. அதற்கு மேல் போனால், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுங்கள். அப்புறம், அந்த மூன்று மாதத்தில் உங்கள் எடை குறைந்ததா? அதை எழுதவே இல்லையே! குறைந்திருந்தால் எஸ்ஜிபிடி இறங்கியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கடையில் விற்கும் புரோபயாடிக் பானம் தினமும் குடிக்கலாமா?

முதலில் சர்க்கரை அளவைப் படியுங்கள். சேர்த்த சர்க்கரையிலுள்ள ஃப்ரக்டோஸ் நேரே கல்லீரலுக்குப் போய்க் கொழுப்பாக மாறும். அதைவிட இனிப்பில்லாத தயிர் நல்லது. கூடவே காய்கறி, பயறு, முழுதானியம் என்று நார்ச்சத்தும் வேண்டும். குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்குத் தீனி அதுதான்.

புரோபயாடிக்கோடு மூலிகை 'லிவர் டிடாக்ஸ்' பொடியும் சேர்க்கலாமா?

வேண்டாம். செறிவூட்டிய மஞ்சள், கிரீன் டீ சாறு மாத்திரைகளாலேயே கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆன்டிபயாட்டிக் எடுக்கும்போது?

2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். சாக்கரோமைசஸ் பூலார்டி என்ற புரோபயாடிக் மட்டும் ஈஸ்ட் வகை, பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதைத் தொடாது.

அப்பாவுக்குச் சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை), நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரையும் எடுக்கிறார். புரோபயாடிக் தரலாமா?

நீங்களாகத் தராதீர்கள். இப்படிப்பட்டவர்களுக்கு அந்தக் கிருமியே ரத்தத்தில் கலந்து தொற்றாகிவிடக்கூடும். அரிதுதான், ஆனால் வந்தால் ஆபத்து. அவரைப் பார்க்கும் கல்லீரல் மருத்துவரிடம், ஸ்ட்ரெயின் பெயரோடு டப்பாவையும் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள்.