"எங்க பாட்டன் பூட்டனும் அடிமைதானே சேர்?"

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 10க்கு வரலாறு படிப்பிக்கிறேன். ஆபிரிக்கர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியதைச் சொல்லும்போது ஒரு மாணவன், "அப்போ எங்க பாட்டன் பூட்டனும் அடிமைதானே சேர்?" என்றான். பாதிப் பேர் சிரித்தார்கள். ஒரு பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. நான் பேச்சை மாற்றிவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்? அடுத்த பாடவேளையில் அடிமைச் சந்தையை நாடகமாக நடிக்க வைக்கலாமா?

பதில்: நாடகம் வேண்டாம். ஒரு பிள்ளையை மேசைமேல் ஏற்றி இன்னொரு பிள்ளையை விலை கேட்க வைத்தால், யாருக்கு எவ்வளவு கேட்டார்கள் என்பதுதான் வகுப்பின் நினைவில் நிற்கும். இடைவேளைக்குள் அது பட்டப்பெயராகிவிடும்.

அந்த மாணவனின் கேள்வி நல்ல கேள்வி. தென்னிந்தியாவிலிருந்து இந்தத் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்த அந்தப் பாட்டன் பூட்டன்மார் சட்டப்படி அடிமைகள் இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஆனால் அதோடு நிறுத்தினால் அது அரை உண்மை. கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதுங்கள்: ஆளை விற்க முடியுமா? அந்த நிலை பிள்ளைக்கும் போகுமா? விட்டுப் போனால் என்ன நடக்கும்?

முதலில் ஜமேக்கா கரும்புத் தோட்டம், 1820. விற்கலாம், தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை, ஓடினால் சவுக்கடி. இப்படி அட்லாண்டிக்கைக் கடக்கக் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர். 1833இல் பிரித்தானியா ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தபோது 2 கோடி பவுண் நட்டஈடு கொடுத்தது, அதுவும் உடைமையாளர்களுக்கு. உழைத்தவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. இந்த இடத்தில் பிள்ளைகளே கொதித்துப் பேசுவார்கள், பேச விடுங்கள்.

அடுத்து நம் மலையகம், 1900. ஆளை விற்க முடியாது. ஆனால் ஆள் சேர்த்து வந்து வேலை வாங்கிய கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகக் கழுத்தில் இருக்கும். அந்தக் கடனைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுப்பதுதான் 'துண்டு'. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. சொல்லாமல் போய்விட்டால் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி மறியல், அதாவது சிறை. பிள்ளைக்குச் சட்டப்படி எந்தக் கட்டும் இல்லை. ஆனால் வளர்ந்தது அதே லயத்துக் காம்பிராவில் (வரிசை வீட்டின் ஓர் அறையில்), தேயிலைக் கொழுந்து எடுத்தது அதே மலையில். துண்டு முறை ஒழிந்தது 1921இல்தான். விடைகள் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்பதைப் பிள்ளைகளே கோடிட்டுக் காட்டட்டும்.

மூன்றாவதாக யாழ்ப்பாணத்தைச் சேருங்கள் என்பேன். பலர் இதைத் தொடமாட்டார்கள். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்தின் தொடக்கத்திலும் அங்கே தமிழர் தமிழரையே அடிமைகளாக வைத்திருந்தார்கள்; 1833ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையை விட்டுவிட்டதால் இங்கே ஒழிப்பு 1844இல்தான் வந்தது. சொல்லாமல் விட்டால், கொடுமை செய்ததெல்லாம் வெள்ளைக்காரன் மட்டும்தான் என்றாகிவிடும். ஆனால் சாதிப் பெயர்களைப் பலகையில் எழுதாதீர்கள். அந்தப் பெயர்களால் இன்றும் காயப்படும் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம்.

வேதனையை மட்டும் சொல்லி மணியடிக்க விடாதீர்கள். 1791இல் கிளர்ந்தெழுந்த அடிமைகள்தான் 1804இல் ஹெயிட்டியைச் சுதந்திர நாடாக்கினார்கள். இங்கே நடேசையரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையும் தோட்டம் தோட்டமாகத் தொழிற்சங்கம் வளர்த்தார்கள். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் சம்பளப் போராட்டத்தின்போது தொழிலாளி கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வீட்டுவேலையாக "குடும்ப வரலாறு எழுதி வா" என்று எல்லோருக்கும் போடாதீர்கள். சில வீடுகளில் அது ஆறாத ரணம். தேயிலைச் செடி வெட்டும் பழைய கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, சம்பளச் சீட்டு என்று ஒரு பொருளைப் பற்றி எழுதச் சொன்னால் போதும். வசதியிருந்தால் கம்பளைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள், அங்கே லயமே காட்சிப்பொருள்தான்.

சிரித்தவர்களை அதட்ட வேண்டாம். அந்த வயதில் கூச்சம் சிரிப்பாகத்தான் வரும். முகம் வாடிய பிள்ளையிடம் மட்டும் பாடம் முடிந்த பிறகு தனியாக ஒரு வார்த்தை கேளுங்கள். கேள்வி கேட்டவனை, அடுத்த பாடவேளையில் அந்த மூன்று கேள்விகளையும் பலகையில் எழுதக் கூப்பிடுங்கள்.