கடைசி வருடப் படிப்பும் சர்வதேச விழாவுக்குக் குறும்படமும்: ஒரு பெற்றோருக்குப் பதில்

வேலைக்குத் தயாராக வேண்டிய கடைசி வருடத்தில் மகள் தன் குறும்படத்தைச் சர்வதேச விழாக்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாளே, தடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தடுக்க வேண்டாம். ஆனால் எவ்வளவு பணம், எத்தனை விழா, எதுவரைக்கும் என்று இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள். அனுப்புவதில் தப்பில்லை, கணக்கில்லாமல் அனுப்புவதில்தான் சிக்கல்.

பணத்திலிருந்தே தொடங்குகிறேன். பெரும்பாலான விழாக்களுக்கு இப்போது பிலிம்ஃப்ரீவே, ஃபெஸ்ட்ஹோம் போன்ற இணையதளங்கள் வழியாகத்தான் படம் போகிறது. ஒருமுறை படத்தையும் விவரங்களையும் ஏற்றிவிட்டால் அப்புறம் விழாவைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டினால் போதும். ஒவ்வொரு கட்டணமும் தனியாகப் பார்த்தால் சின்னதுதான். ஒரே ராத்திரியில் முப்பது விழாவுக்கு அனுப்பிவிட்டுக் காலையில் கூட்டிப் பார்த்தால், படம் எடுத்த செலவையே தாண்டியிருக்கும். ஒரே விழாவுக்கும் முதல் கெடு, வழக்கமான கெடு, கடைசிக் கெடு என்று நாள் போகப்போகக் கட்டணம் ஏறும். முதல் கெடுவிலேயே அனுப்புவது, மாணவர் கட்டணம் இருக்கிறதா என்று பார்ப்பது, கட்டண விலக்கு கேட்டு மரியாதையாக நாலு வரி மெயில் போடுவது, இந்த மூன்றிலேயே நிறைய மிச்சமாகும். பெரிய விழாக்கள் நாலைந்து, நடுத்தர விழாக்கள் ஏழெட்டு என்று பட்டியல் போட்டு மொத்தத் தொகையை முன்கூட்டியே முடிவுசெய்துவிடச் சொல்லுங்கள்.

பட்டியலில் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதைச் சேர்க்கக் கூடாது என்பது முக்கியம். மாதாமாதம் விருது கொடுக்கும் 'சர்வதேச விழாக்கள்' ஏராளம். அனுப்பிய சில நாட்களிலேயே "வாழ்த்துகள், உங்கள் படம் வென்றிருக்கிறது" என்று மெயில் வரும். கூடவே இலைவளைய முத்திரை ஒன்று (விழாவில் தேர்வானதைக் காட்டும் சின்னம்), போஸ்டரில் ஒட்டிக்கொள்ள. மெயிலின் அடியில் கோப்பை வேண்டுமானால் இவ்வளவு, சான்றிதழ் வேண்டுமானால் இவ்வளவு என்று விலைப்பட்டியல் இருக்கும். எந்தத் திரையரங்கில் திரையிட்டார்கள், யார் நடுவர், போன வருடம் எந்தெந்தப் படங்கள் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. விருதுப் பிரிவுகள் மட்டும் நூறைத் தொடும். துறையில் இருப்பவர்கள் அந்த முத்திரைகளைப் பார்த்ததுமே கண்டுகொள்வார்கள். அதனால் அவை உதவாமல் போவதோடு நிற்காது, நல்ல படத்தைக்கூடச் சந்தேகமாகப் பார்க்க வைக்கும்.

உண்மையான விழாக்களில் போட்டி எவ்வளவு கடுமை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பெரிய திரைப்பட விழாவான சன்டான்ஸுக்கு 2025-இல் வந்த குறும்படங்கள் 11,000-க்கு மேல், எடுத்துக்கொண்டது 57. இதை மகளிடம் பயமுறுத்தச் சொல்ல வேண்டாம். "தேர்வாகவில்லை" என்று மெயில் வரும்போது படம் மோசம் என்று அவள் உடைந்துபோகாமல் இருக்கச் சொல்லுங்கள். சும்மா நீளம் பொருந்தாமலும் படங்கள் கழிந்துபோகின்றன. பிரான்ஸின் கேன்ஸ் விழாவில் குறும்படப் போட்டிக்குப் பெயர்ப்பட்டியல் உட்பட 15 நிமிடம்தான் வரம்பு. பெர்லின் விழாவின் குறும்படப் பிரிவில் 30 நிமிடம். ஆஸ்கரின் விதியில் குறும்படம் என்றால் 40 நிமிடத்துக்குள். ஆனால் விதி அனுமதிப்பது வேறு, நிகழ்ச்சி அமைப்பவரின் வசதி வேறு. ஒன்றரை மணி நேரக் காட்சிக்குள் பல படங்களை அடுக்க வேண்டியவருக்கு 28 நிமிடப் படம் பெரிய இடத்தைப் பிடிக்கும். அவர் அதை எடுக்க வேண்டுமென்றால் அந்த 28 நிமிடமும் பார்ப்பவரைப் பிடித்துவைக்க வேண்டும். இன்னொரு வழியும் இருக்கிறது: திரைப்படப் பள்ளி மாணவர்களுக்கென்றே கேன்ஸில் 'லா சினெஃப்' பிரிவு உண்டு, ஆஸ்கர் அமைப்பு மாணவர்களுக்குத் தனி விருதுகள் தருகிறது. உங்கள் மகளின் படிப்பு அந்த வரையறைக்குள் வருமா என்று துறைத்தலைவரிடம் கேட்கட்டும்.

இனி படத்துக்கு வருவோம். படம் முடிந்துவிட்டது என்று மாணவர்கள் சொல்வார்கள், பின்னணியில் ஒரு பிரபலமான பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அனுமதி வாங்கினீர்களா என்றால், "காசுக்காக எடுக்கவில்லையே" என்பார்கள். விழாவில் அந்தப் பதில் எடுபடாது. எல்லா உரிமைகளும் என்னிடம் உண்டு என்று விண்ணப்பத்தில் உறுதிகொடுத்துத்தான் அனுப்புகிறோம். பாட்டுக்கு எழுத்தில் அனுமதி வேண்டும், இல்லையென்றால் நண்பர் யாராவது புதிதாக இசை அமைக்கட்டும். நடித்தவர்களிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கியாக வேண்டும். கல்லூரிக் கருவிகளில் எடுத்த படம் என்றால் உரிமை யாருக்கு என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சில கல்லூரிகள் அதைத் தம்மிடமே வைத்துக்கொள்கின்றன. சப்டைட்டிலை அவசரத்தில் செய்யக் கூடாது. தேர்வுக்குழுவில் இருப்பவர் வசனத்தை முழுக்க அதன் வழியாகத்தான் கேட்கிறார். இரண்டு வரிக்கு மேல் போகாமல், வாசித்து முடிக்க நேரம் கொடுத்து, படம் பார்க்காத ஒருவரை வைத்துச் சரிபார்ப்பது நல்லது.

கதைச்சுருக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாணவர்கள் எழுதிக்கொண்டு வருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: "மனித உறவுகளின் ஆழங்களைத் தேடும் ஓர் உணர்வுபூர்வமான பயணம்." இது எந்தப் படத்துக்கும் பொருந்தும். "பார்வை மங்கிவரும் தையல்காரர் ஒருவர், அதை யாரிடமும் சொல்லாமல் கடைசியாக ஒரு கோட் தைக்க ஒப்புக்கொள்கிறார்" என்றால் படம் கண்ணில் தெரிகிறது. இப்படி ஒரு வாக்கியம் எழுத வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் எழுத்தில் இருக்காது, திரைக்கதையில் இருக்கும்.

யூடியூப்பில் ஏற்றிவிட அவளுக்குக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பல பெரிய விழாக்கள் ஏற்கெனவே பொதுவில் வெளியான படத்தை எடுப்பதில்லை, சில முதல் திரையிடல் தங்களிடம்தான் நடக்க வேண்டும் என்கின்றன. அதனால் பெரிய விழாவின் பதில் வரும்வரை சின்ன விழாக்களுக்கு அவசரப்பட்டுக் கொடுக்காமல் இருப்பது நல்லது. தேர்வுக்குழுவுக்குக் கடவுச்சொல் போட்ட இணைப்பு போதும். அந்தக் கடவுச்சொல்லை நடுவில் மாற்றிவிட்டுத் தவிப்பவர்களும் உண்டு. படம் முடிந்த தேதிக்கும் வரம்பு இருக்கும், ஒன்று அல்லது இரண்டு வருடம் என்று. ஆக, மொத்தமாக ஒன்றரை வருடம் அனுப்புவது, அப்புறம் இணையத்தில் வெளியிட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, வேலைக்கு இது உதவுமா? நியூசிலாந்து இயக்குநர் ஜேன் கேம்பியன் மாணவியாக எடுத்த குறும்படத்துக்கு 1986-இல் கேன்ஸின் உயரிய விருதான தங்கப் பனை கிடைத்தது, 1993-இல் முழுநீளப் படத்துக்கும் கிடைத்தது. இது நடக்கும், ஆனால் இதை நம்பித் திட்டம் போட முடியாது. திட்டம் போடக்கூடியது வேறு. விழாவுக்கு ஒழுங்காகத் தயாரான ஒரு படத்தில் படத்தொகுப்பு, ஒலி, வண்ணச் சீரமைப்பு, சப்டைட்டில், உரிமை ஆவணங்கள் எல்லாம் அடங்கியிருக்கின்றன. விளம்பர நிறுவனங்களும் படத்தொகுப்புக் கூடங்களும் வேலைக்கு ஆள் எடுக்கும்போது இதையெல்லாம்தான் கேட்கின்றன. நேர்முகத்தில் படத்தை ஓடவிட்டு, "இந்தக் காட்சியில் நீ என்ன செய்தாய்?" என்பார்கள். அதற்குத் தெளிவாகப் பதில் சொல்லத் தெரிந்தால் போதும்.

காத்திருக்கும் மாதங்களில் அவள் பயிற்சி வேலைக்கு விண்ணப்பிக்கட்டும். விழாவின் பதிலுக்காக எந்த நேர்முகத்தையும் தள்ளிப்போட வேண்டாம். தற்குறிப்பில் விழாவின் பெயர், வருடம், பிரிவு, படத்தில் அவள் செய்த வேலை, இவ்வளவு எழுதினால் போதும். மாத விருதுகள் ஏதாவது ஏற்கெனவே வாங்கியிருந்தால் அவற்றை எடுத்துவிடச் சொல்லுங்கள்.