மாரியும் கடற்கரையும் பிறவுணியும்

கேள்வி: அக்கா, நான் வவுனியாவில் இருக்கிறேன். வயது முப்பத்து நான்கு. கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்கிறேன். போன வருசம் அப்பா தவறிப்போனார். அதற்குப் பிறகு வீடும் கணினியுமாகவே கிடக்கிறேன். ஒரு மாதம் முல்லைத்தீவுக் கரையில் வீடு எடுத்துத் தங்க வேண்டும் போல இருக்கிறது. சனம் வராத காலமாகப் பார்த்து, நவம்பர் கடைசியிலிருந்து டிசெம்பர் கடைசி வரை என்று நினைத்திருக்கிறேன். பிறவுணியும் என்னோடு வரும். நான்கு வயதுப் பெட்டை நாய், இன்னும் குட்டி போடவில்லை. அப்பாவின் கட்டிலுக்குக் கீழேயே படுத்து வளர்ந்தது, யாரிடமும் விட்டுவிட்டு வர மனமில்லை. "மாரிக்குள்ள நாயையும் கொண்டு கடற்கரைக்குப் போறியோ, உனக்கென்ன விசரோ?" என்று மாமி கேட்கிறா. விசர்தானா அக்கா?
சு., வவுனியா

அன்புத் தங்கைக்கு,

விசர் இல்லை. ஆனால் மாமி சொல்வதில் பாதி சரி. போகிற எண்ணத்தில் பிழை இல்லை, நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மாதத்தில்தான் பிழை.

வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் போக இன்னொன்று வந்து நிற்கிற காலம் அது. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் கரையேறியது திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில்தான். புயல் வராத வருசத்திலும் நாலு நாள் விடாமல் பெய்தால் வட்டுவாகல் பக்கம் தண்ணீர் ரோட்டில் ஏறும், கரண்ட் போகும், கரண்டோடு உங்கள் கணக்கு வேலையும் போகும். பிறவுணி ஒன்றுக்குப் போக இடமில்லாமல் விறாந்தைக் கரையில் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கும். ஈர நாயின் மணத்தோடு பூட்டிய அறையில் ஒரு மாதம் இருந்து பார்த்தவள் சொல்கிறேன், கடல் இரண்டாம் நாளே மறந்துபோகும்.

இன்னொன்றும் இருக்கிறது. நவம்பர் 27 மாவீரர் நாள், டிசெம்பர் 26 சுனாமி நாள், அந்தக் கரை விளக்கேற்றி அழுகிற இரண்டு நாட்களும் உங்கள் கணக்குக்குள் வருகின்றன. 2004இல் கடல் ஒரு வீட்டையும் விட்டு வைக்காத கரை அது. பக்கத்து வீட்டில் படத்துக்கு முன்னால் விளக்கு எரிய, அப்பாவை நினைத்துக்கொண்டு தனியே போயிருக்கும் உங்களுக்கு அது ஆறுதலாக இருக்குமா, இன்னும் பாரமாக இருக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தெரிந்துகொண்டு போவது வேறு, தெரியாமல் போய் அகப்படுவது வேறு. நத்தார், புதுவருசம் என்று கரையோரக் கத்தோலிக்க வீடுகளில் சீனவெடி கொளுத்துவார்கள், அது பிறவுணிக்கு ஆகாது.

ஆகவே தைப்பொங்கல் வெடியும் ஓயட்டும். ஜனவரி பதினேழு, பதினெட்டுப் போலப் போய், பெப்ரவரி நடுவில் திரும்புங்கள். சனம் அப்போதும் இராது. கிழமை நாட்களில் கரையில் உங்களையும் வலை பின்னுகிறவர்களையும் தவிர ஆளைக் காண மாட்டீர்கள், ஞாயிறு பின்னேரம் மட்டும் இரண்டு மூன்று வான் வரும். வாடைக்காற்று அடித்தபடிதான் இருக்கும், கடலின் இரைச்சல் இரவில் வீட்டுக்குள் கேட்கும், விடியப்புறம் பனி விழும். நந்திக்கடல் நிறைந்து கிடக்கும். கொக்கிளாய்ப் பக்கம் போனால் வலசை வந்த பறவைகள் இன்னும் நிற்கும். உள்ளே வயல்களில் காலபோக நெல் மஞ்சளாகத் தலை சாய்க்கிற நேரம். நீங்கள் தேடுகிற வெறுமை இதில் இருக்கிறது, வெள்ளம் இல்லாமல்.

சரி, வீடு. கடலைப் பார்த்த வீடு வேண்டும் என்று கேட்டுக்கொண்டு திரியாதீர்கள். நாய்க்குத் தோதான வீடாகப் பாருங்கள். கரையிலிருந்து அரைக் கிலோமீற்றர் உள்ளே தள்ளி இருந்தால் நல்லது. உப்புக் காற்று குறைவு, கிணற்றுத் தண்ணீரும் அவ்வளவு சவராக இராது. (அப்படி இருந்தும் குடிக்க இருவருக்கும் வடிகட்டிய தண்ணீரையே வாங்குங்கள்.) நான்கு பக்கமும் மதிலோ தகரமோ அடைத்திருக்க வேண்டும். வேலி என்றால் சுற்றி நடந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள், நாய் மேலால் பாய்வதை விடக் கீழால் நுழைவதுதான் கூட. கேற்றின் கீழ் இடைவெளியில் உங்கள் கை போனால் ஊர் நாயின் தலையும் வரும். முற்றத்தில் ஓலைக் குவியல், கல் குவியல், விறகு இருந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லி அப்புறப்படுத்திய பிறகு குடிபோங்கள். மழை ஓய்ந்த காலத்தில் புடையனும் நாகமும் ஒதுங்குகிற இடம் அவைதான். இரவில் நாயை வெளியில் கட்டவே வேண்டாம். "நாய் கொண்டு வருகிறேன்" என்பதை வீடு பேசும்போதே, முற்பணம் கொடுக்க முன்பே சொல்லிவிடுங்கள். எந்த சிம்முக்கு அங்கே சிக்னல் எடுக்கிறது என்றும் அதே மூச்சில் கேளுங்கள்.

கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: இன்னும் குட்டி போடவில்லை என்று. அப்படியென்றால் கருத்தடை செய்யவில்லை என்றுதான் எடுக்கிறேன். பெட்டை நாய் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும். கடைசியாக எப்போது வந்தது என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் போகிற மாதத்தில் விழுந்தால் அந்த ஊர்க் கடுவன் நாய் முழுவதும் உங்கள் கேற்றடியில் இரவிரவாகச் சண்டை பிடிக்கும். நித்திரை கெட்ட அயலவர் உங்களைத்தான் திட்டுவார்கள், நியாயமும் அதுதான். இப்போதே வவுனியாவில் மிருக வைத்தியரிடம் காட்டி, ஒப்பரேசன் செய்வதானால் பயணத்துக்கு நன்றாக முன்பே செய்து முடியுங்கள், தையல் காய்ந்து உடம்பு தேறிப் போகட்டும். அதே தடவையில் விசர்நாய்த் தடுப்பூசியையும் பார்த்து, வருசம் முடிந்திருந்தால் போடுவித்து, அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். எலிக்காய்ச்சலுக்கான ஊசி போட்டாயிற்றா என்றும் கேளுங்கள். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் அந்தக் காய்ச்சல் எத்தனை உயிரை எடுத்தது என்று நினைவிருக்கும். தேங்கிய தண்ணீரில் நாய்க்கும் அது வரும், நாயின் மூத்திரத்தில் இருந்து நமக்கும் வரும். உண்ணிக்கும் மருந்து வாங்குங்கள். தினமும் இரவு காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தடவிப் பாருங்கள். பல் முரசு வெளிறி, சாப்பாட்டை மணந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டால் அடுத்த நாளுக்கு விடாமல் வைத்தியரிடம் கொண்டு ஓடுங்கள். காய்ச்சல் என்று பனடோலை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது நஞ்சு.

இனிக் கரை. காலை வெயில் ஏறமுன்னும் பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகும், இரண்டு நடை போதும். கயிற்றை விடாதீர்கள். நாய் ஓட வேண்டாமா என்று கேட்பீர்கள். ஒரு நீளத் தும்புக் கயிறு வாங்கிக் கட்டினால் ஓடவும் செய்யும், உங்கள் கையிலும் இருக்கும். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், கரை நமக்கு வெறும் மணலாகத் தெரிந்தாலும் அங்கே இருக்கிறவர்களுக்கு அது வேலைத்தலம். போட்டுக்குப் பக்கத்தில் விரித்துக் கிடக்கும் வலை லட்சக்கணக்கில் பெறும். அதில் ஒரு நாய் காலைத் தூக்கினால், அல்லது நகம் சிக்கி இழுத்தால், பிறகு அந்தக் கரையில் உங்களுக்கு முகம் கொடுத்துக் கதைக்க ஆள் இராது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தை மாதம் அளம்பில் பக்கம் தங்கியிருந்தேன். அப்போது என்னிடம் வீமன் என்றொரு நாய். ஒரு நிமிசம் கயிற்றை விட்டேன், அவ்வளவுதான். பாயில் காய வைத்திருந்த பாரைக் கருவாட்டில் ஒன்றை வால் பக்கமாகக் கவ்விக்கொண்டு அடம்பன் கொடிக்குள் போய்ப் படுத்துவிட்டது. அந்த அம்மா எழும்பி வந்தா. ஏச்சு விழப்போகிறது என்று நான் காசை எடுக்கிறேன், அவ என்னைப் பார்க்கவே இல்லை. "காசு கிடக்கட்டும் பிள்ளை, உப்புக் கருவாடு, விடாய் எடுத்துச் சாகப் போகுது, முதல்ல தண்ணி வை" என்று ஒரு சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தா. அதற்குப் பிறகு நான் கரைக்குப் போகும்போதெல்லாம் ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு சிரட்டையும் பையில் இருக்கும். நீங்களும் வையுங்கள். விடாய்த்த நாய் கடல் தண்ணீரைக் குடிக்கும், குடித்தால் வாந்தியும் வயிற்றோட்டமும்தான்.

கருவாட்டை விடப் பொல்லாதது பேத்தை. வலையில் வரும் வேண்டாத மீனைக் கரையில் எறிந்துவிட்டுப் போவார்கள், அலையும் ஒதுக்கும். வயிறு பந்து போல ஊதி, சின்ன வாய் பிளந்து, மல்லாந்து கிடக்கும். நாய்க்கு அதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் கிடையாது. பேத்தையின் நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை, அவித்தாலும் போகாது. பிறவுணி கரையில் எதையாவது வாயில் எடுத்தால் "விடு" என்றதும் விடுகிறதா என்று இப்போதே வீட்டில் பழக்குங்கள், பயணத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகளில் எனக்கு இதுதான் முதலாவது. பேத்தையைத் தவிர கெளிற்று முள், திருக்கை வால், தூண்டில் கொக்கி, அறுந்த தங்கூசி என்று கரையில் காலுக்கும் வாய்க்கும் நிறைய உண்டு. இராவணன் மீசையின் நுனி நாயின் கண் உயரத்தில்தான் நிற்கும்.

கடலில் நீந்த விடுகிற ஆசை இருந்தால் இந்த முறை வேண்டாம். அந்தக் கரை சட்டென்று ஆழமாகும், வாடைக் கடலின் இழுவையும் சேர்ந்தால் நாயைப் பிடிக்கப் போய் நீங்கள் அகப்படுவீர்கள். களப்பும் குளமும் அமைதியாகத் தெரியும், ஆனால் வன்னித் தண்ணீரில் முதலை உண்டு.

பற்றைக்குள் நாயை விடக் கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது, வவுனியாக்காரிக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2009இல் சண்டை முடிந்து இத்தனை வருசமாகியும் அந்த மாவட்டத்தில் வெடிபொருள் எடுத்து முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை உள்ள இடத்தை நாம் விலகிப் போவோம், நாய்க்கு வாசிக்கத் தெரியாது. பலகை இல்லாத இடத்திலும், முள்ளிவாய்க்கால், மாத்தளன் பக்கம் மண்ணைக் கிண்டுகிற நாயைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். நடந்து தேய்ந்த பாதை, மணற்கரை, ரோட்டு, இந்த மூன்றோடும் நில்லுங்கள்.

ஊர் நாய்களோடு முதல் மூன்று நாள் கொஞ்சம் கஷ்டம். ஒரே நேரத்தில், ஒரே பாதையால் போய் வாருங்கள், பழகிவிடும். கூட்டமாக வந்தால் ஓடாதீர்கள், பிறவுணியைத் தூக்கவும் வேண்டாம். கல்லெடுப்பது போலக் குனிந்தாலே நம்மூர் நாய்க்கு விளங்கும். தப்பித் தவறி உங்களைக் கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிசம் கழுவிவிட்டு நேரே மாஞ்சோலை வைத்தியசாலைக்குப் போங்கள். சின்னக் கீறல்தானே என்று வீட்டில் இருக்காதீர்கள்.

அரச கால்நடை வைத்தியர்கள் அங்கே பெரும்பாலும் மாடு, ஆட்டுக்குத்தான் ஓடித் திரிவார்கள். போனதும் அலுவலகம் எங்கே, எந்த நேரம் ஆள் இருக்கும் என்று ஒரு தடவை நேரில் பார்த்து வையுங்கள். உங்கள் வவுனியா வைத்தியரிடமும் "போன் எடுக்கலாமா" என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

தனியாக ஒரு பெண், நாய், மடிக்கணினி, ஒரு மாதம். ஊர் கேட்கும், வேறு ஆட்களும் வந்து கேட்கலாம். போன முதல் நாளே வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு கிராம அலுவலரிடம் போய்ப் பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் மீன் வாங்கத் தொடங்குங்கள். சூடை கிடைக்கிற அன்று இரண்டு கை கூட வாங்கி அவித்து, முள்ளெடுத்து, சோற்றோடு பிசைந்து பிறவுணிக்கு வைக்கலாம். முதல் கிழமை மட்டும் வீட்டில் சாப்பிட்ட சாப்பாட்டையே கொண்டுபோய்க் கொடுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

பயணத்துக்கு பஸ்ஸை நினைக்க வேண்டாம், நாயோடு கண்டக்டர் ஏற்ற மாட்டார். தெரிந்த ஆளின் வான் பிடித்து விடியவே வெளிக்கிடுங்கள். மாங்குளத்தில் ஏ9ஐ விட்டுத் திரும்பினால் முல்லைத்தீவுக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். ஒட்டுசுட்டான் பக்கம் இருட்டினால் யானை ரோட்டுக்கு வரும், ஆகவே போகும்போதும் திரும்பும்போதும் பகல் பயணம்தான். பிறவுணிக்கு அன்று காலை சாப்பாடு வேண்டாம், தண்ணீர் மட்டும். மாங்குளத்தில் நிறுத்தி, கயிற்றோடு இறக்கி, ஒரு சுற்று நடக்க விடுங்கள். அப்பாவின் பழைய சாரம் ஏதாவது இருந்தால் துவைக்காமல் அதன் படுக்கையில் போட்டுக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அக்கா